ஹெர்னியாவுக்கு மிருகத்தோல் ஒட்டு: கொடுக்கிற விலைக்கு வேலை செய்யுதா?

லயம்7 | ஜனவரி 9, இரவு 9:12

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம், செம்பனை குலை வெட்டுற ஆள், வயசு 56. குடல் ஓட்டையாகி அவசரமா நடுவயித்தைத் திறந்து, பக்கத்துல குடலை வெளிய எடுத்து மலப்பை வச்சு அனுப்பியிருக்காங்க. இப்ப அந்தத் தழும்பு மேலேயே ஹெர்னியா, அதாவது வயித்துச் சுவர் விலகி உள்ளே இருக்கிறது வெளிய தள்ளுற வீக்கம். இருமினா தேங்காய் அளவுக்குத் தள்ளுது. சிடி ஸ்கேன்ல சுவரோட இடைவெளி 11 செ.மீ. அகலம். பையை மூடுற அதே ஆபரேஷன்ல இதையும் சரிபண்ணலாம்னு ஈப்போவுல பேச்சு.

செல்லையெல்லாம் கழுவி எடுத்த மிருகத்தோல் ஒட்டு வச்சா சீழ் பிடிச்சாலும் பிடுங்க வேண்டாம், கொஞ்ச நாள்ல சொந்தச் சதையாவே மாறிடும், அதனால சுவருக்கு வலுவா வைக்கிற பிளாஸ்டிக் வலையைவிட அது எப்பவுமே மேல்னு ஒருத்தர் அடிச்சுச் சொல்றார். விலை விசாரிச்சா தலை சுத்துது. கடன் வாங்கியாவது போடலாமா?

கத்தியும்நூலும் | ஜனவரி 9, இரவு 10:40

மூணு விஷயம் சொல்லியிருக்கார். முதல்லது பெரும்பாலும் சரி, ரெண்டாவது பாதி சரி, மூணாவது தப்பு.

சீழ் விஷயம்: 2012-ல வந்த ஆய்வுல, அழுக்குப்பட்ட, அதாவது குடல் கிருமி பட்ட வயித்துக்குள்ள 80 பேருக்கு பன்றித்தோல் ஒட்டு (ஸ்ட்ராட்டிஸ்) வச்சுப் பார்த்தாங்க. ரெண்டு வருஷத்துல 66% பேருக்குப் புண்ணுல ஏதோ ஒரு தொல்லை, 35% பேருக்குக் கிருமித்தொற்று. ஆனா ஒருத்தருக்குக்கூட ஒட்டை முழுசா வெளிய எடுக்க வேண்டி வரல. விக்கிறவங்க சொல்றது இந்தப் பாதியை.

சொல்லாத பாதி: அதே 80 பேர்ல 28% பேருக்கு ரெண்டு வருஷத்துக்குள்ள ஹெர்னியா திரும்பிடுச்சு.

கத்தியும்நூலும் | ஜனவரி 9, இரவு 11:05

மேல எழுதினது ஒரே ஒட்டை வச்சுப் பார்த்த ஆய்வு. பக்கத்துல வச்சு ஒப்பிட எதுவும் இல்ல. பன்றித்தோலையும் பிளாஸ்டிக்கையும் குலுக்கல் முறையில பிரிச்சுப் போட்ட ஆய்வு ரெண்டு இருக்கு.

2021-ல வந்தது: 165 பேர். ரெண்டு வருஷத்துல திரும்பினது பன்றித்தோல்ல 39.7%, பிளாஸ்டிக்ல 21.9%.

2022-ல வந்தது நம்ம ஆளுக்கு இன்னும் நெருக்கம். 253 பேர், எல்லாருக்கும் குடலைத் திறந்த ஆபரேஷன் இல்லேன்னா அதுக்குச் சமமான அழுக்கு. பையை மூடுறது இதுல அடங்கும். வலையைத் தசைக்குப் பின்னால வச்சாங்க. திரும்பினது பன்றித்தோல்ல 20.5%, சாதாரண பாலிப்ரோப்பிலீன் (பிளாஸ்டிக்) வலையில 5.6%. மறுபடி கைவைக்க வேண்டிவந்த புண் தொல்லை ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒண்ணுதான். அந்த ஆய்வுல விலையோ ஒரு பக்கம் இருபதாயிரம் அமெரிக்க டாலருக்கு மேல, இன்னொரு பக்கம் நூறு டாலர் சொச்சம்.

அழுக்கு வயித்துல பிளாஸ்டிக்கே கூடாதுன்னு வேதவாக்கா இருந்ததை இந்த ஆய்வு ஆட்டிடுச்சு. கடன் வாங்காதீங்க.

லயம்7 | ஜனவரி 10, காலை 6:50

அப்ப இவ்வளவு காலம் எதுக்கு அதைப் போட்டாங்க? சொந்தச் சதையா மாறும்ங்கறது பொய்யா?

திசுக்கூடம் | ஜனவரி 10, மதியம் 1:15

பொய் இல்லை, மிகைப்படுத்தல். ஒட்டு எப்படித் தயாராகிறது என்று பார்த்தால் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பது புரியும்.

தோலில் செல்கள் இருக்கின்றன. அவற்றைத் தாங்கும் கொலாஜன் என்ற புரத இழைப் பின்னலும் இருக்கிறது. நம் உடல் வெளித்திசுவைத் தள்ளுவது பெரும்பாலும் செல்களுக்காகத்தான். செல்லைக் கழற்றிவிட்டுப் பின்னலை மட்டும் வைத்தால் உடல் தன் செல்களை உள்ளே அனுப்பிக் குடியேற்றும் என்பது கணக்கு. ஆடி முடிந்த பந்தலில் கூரையைப் பிரித்துவிட்டுக் கால்களை மட்டும் விட்டுவைப்பது மாதிரி.

ஆய்வுக்கூட அளவில் பன்றித்தோலுக்கான வழி ஏறக்குறைய இப்படி. முடியையும் அடிக்கொழுப்பையும் சுரண்டுவது முதல் வேலை. கொழுப்பு மிஞ்சினால் சோப்புக் கரைசல் அதைத் தாண்டி உள்ளே போகாது, அதனால் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் கொழுப்பெடுப்பதும் உண்டு. பிறகு ஒரு மோலார் உப்புநீரில் ஒரு நாள். மேல்தோல் வெங்காயச் சருகு மாதிரி உரிந்து வரும். அடுத்தது செல்லைக் கரைக்கும் சோப்பு, 1% ட்ரைட்டான் எக்ஸ்-100 அல்லது 0.5% எஸ்டிஎஸ், ஆட்டிக்கொண்டே ஒன்றிலிருந்து இரண்டு நாள். அதன்பின் மூன்று நாளாவது கழுவல். மிஞ்சிய டிஎன்ஏவை வெட்ட டிஎன்ஏஸ் நொதி, 37 பாகையில். கடைசியாகக் கிருமி நீக்க 4% எத்தனாலில் கலந்த 0.1% பெரசெடிக் அமிலம், இரண்டு மணி நேரம்.

கெட்டுப்போவது பெரும்பாலும் சின்ன இடங்களில். எஸ்டிஎஸ்ஸைக் குளிரறையில் வைத்தால் வெள்ளையாகப் படிந்துவிடும். பொட்டாசியம் உள்ள உப்புக்கரைசலில் கலந்தாலும் அப்படித்தான். டிரிஸ் கரைசலில், அறை வெப்பத்தில் வைக்க வேண்டும். முந்தைய கட்டத்தில் ஈடிடிஏ போட்டுவிட்டுச் சரியாகக் கழுவாமல் டிஎன்ஏஸ் ஊற்றினால் நொதி வேலை செய்யாது, ஏனென்றால் அதற்கு வேண்டிய மக்னீசியத்தை ஈடிடிஏ பிடித்து வைத்துக்கொள்ளும். கழுவலில் அவசரப்பட்டால் தங்கிய எஸ்டிஎஸ், குடியேற வரும் செல்களைக் கொல்லும். அப்போது செல் நீங்கிய ஒட்டுதான் கிடைக்கும், ஆனால் யாரும் குடிபுக முடியாத வீடு.

தேறியதா என்று பார்க்க 2011-லிருந்து பலரும் கையாளும் அளவுகோல்: உலர்ந்த எடையில் ஒரு மில்லிகிராமுக்கு இரட்டை இழை டிஎன்ஏ 50 நானோகிராமுக்குக் கீழ், துண்டுகள் 200 அடியிணைக்குக் கீழ், சாயமேற்றிப் பார்த்தால் கண்ணுக்கு உட்கரு தெரியக் கூடாது.

பால்மரம் | ஜனவரி 10, மாலை 5:30

கூரை பிரிச்ச பந்தலா? தோட்டத்து ஆளுக்கு ரப்பர் ஷீட்டைச் சொல்லுங்க தம்பி. பாலுக்கு ஃபார்மிக் அமிலம் ஊத்தி, கட்டியாக்கி, மிஷின்ல உருட்டி, கழுவி, புகைவீட்டுல தொங்கவிடுறது. கழுவாத ஷீட் பூஞ்சை பூத்துடும்.

அது கிடக்கட்டும். பச்சை ஷீட் வெயில்ல இளகும், இழுத்தா திரும்பாது. கந்தகம் போட்டு வல்கனைஸ் பண்ணினாத்தான் டயர். இந்தத் தோலுக்கும் அப்படி எதாவது உண்டா?

திசுக்கூடம் | ஜனவரி 10, இரவு 8:05

உண்டு, நல்ல ஒப்புமை. கொலாஜன் இழைகளுக்கு இடையே வேதிப்பாலம் போடுவார்கள். குளுட்டரால்டிஹைடு, ஹெக்ஸாமெத்திலீன் டைஐசோசயனேட் போன்றவை. பெர்மகால் என்ற பன்றித்தோல் ஒட்டு இரண்டாவது வகையால் பாலம் போடப்பட்டது. ஸ்ட்ராட்டிஸில் பாலம் இல்லை. அதற்குப் பதில் பன்றிக்கே உரிய ஆல்ஃபா-கால் சர்க்கரையை நொதியால் வெட்டிக் குறைக்கிறார்கள், மனித உடல் எதிர்ப்பது முக்கியமாக அந்தச் சர்க்கரையைத்தான் என்பதால்.

பாலம் போட்டால் கிருமிகள் சுரக்கும் கொலாஜனேஸை (கொலாஜனைக் கரைக்கும் நொதி) ஒட்டு தாங்கும், சீக்கிரம் கரையாது. ஆனால் டயருக்குள் வேர் இறங்காது. உடல் உள்ளே நுழைய முடியாமல் சுற்றி ஒரு உறை கட்டி ஒதுக்கி வைத்துவிடும். தொற்று வந்தால் அந்த உறைக்குள்ளேயே தங்கிவிடும். பாலம் போடாவிட்டால் செல்களும் நுழையும், கரைக்கும் நொதியும் நுழையும். இரண்டுக்கும் நடுவே எங்கே நிறுத்துவது என்பதில்தான் இந்தத் தொழிலின் சண்டை முழுவதும்.

கதிரியக்கத்தால் கிருமி நீக்கும்போதும் இது வரும். காய்ந்த கொலாஜனுக்கு 25 கிலோகிரே காமா கொடுத்தால் இழை அறுபடும், ஈரத்தில் கொடுத்தால் பாலம் போடும். ஒரே கதிர், இரண்டு குணம்.

கத்தியும்நூலும் | ஜனவரி 10, இரவு 10:20

சதையா மாறுமான்னு கேட்டதுக்குப் பதில் இன்னும் பாக்கி. தசையா மாறாது. நல்லாப் போனா கொலாஜன் பின்னலுக்குள்ள ரத்தக்குழாய் வரும், நார்ச்செல் வரும், கடைசியில தழும்புத் திசுவா முடியும். தழும்பு கெட்டியா இருந்தா போதும், சுவர் நிக்கும். ஆனா தழும்பு மெல்ல இழுபடும்.

நிக்கும்போது வயித்துக்குள்ள அழுத்தம் சுமார் 20 மில்லிமீட்டர் பாதரசம். இருமினா 100-ஐத் தாண்டும், குதிச்சா 170 வரைக்கும் போகும். இருபது கிலோ குலையைத் தூக்கி லாரியில எறியுற ஆளுக்கு அந்த இடம் என்ன படும்னு யோசிங்க. ஒட்டு கிழிஞ்சு திரும்புறது கம்மி. தொங்கித் தொங்கித் திரும்புறதுதான் ஜாஸ்தி. பழைய படுக்கை ஊஞ்சலா ஆகிற மாதிரி. பேஷன்ட்டுக்கு ரெண்டும் ஒண்ணுதான், வீங்கித்தான் தெரியும்.

ஸ்க்ரப்அக்கா | ஜனவரி 11, காலை 7:30

தட்டுல வைக்கிற விஷயம் ஒண்ணும் சொல்லலையே யாரும்.

பன்றிக்குடல் அடிச்சவ்வு வகை (சர்ஜிஸிஸ்) காய வச்சு வரும். பொரிக்காத அப்பளம் மாதிரி இருக்கும், மடிச்சா ஓரம் உடையும். உப்புத்தண்ணியில போட்டா சில நிமிஷத்துல இளகி, ஈரத்துணி மாதிரி கைக்கு வரும். ஊறுறதுக்கு முன்னாடி வெட்டக் கூடாது. ரொம்ப நேரம் ஊறவும் விடக் கூடாது, அடுக்கு அடுக்கா இருக்கிறது வழுக்க ஆரம்பிக்கும்.

ஸ்ட்ராட்டிஸ் ஈரமாவே வரும், தொட்டா தடிச்ச செருப்புத் தோல். உப்புத்தண்ணியில ரெண்டு நிமிஷமாவது அலசணும். பெட்டியில உள்ள திரவத்துல பாலிசார்பேட் 20 இருக்கு. பன்றிப் பொருளோ அதுவோ ஒத்துக்காதவங்களுக்கு அதைப் போடக் கூடாதுன்னு பெட்டியிலேயே எழுதியிருக்கும். சாப்பாட்டு அலர்ஜி கேட்கும்போதே இதையும் கேளுங்க.

ஃபிரிட்ஜ்ல வைக்கலாமான்னு யாராவது கேட்டா பெட்டியைப் படிக்கச் சொல்லுங்க. உறைஞ்சா போச்சு.

எந்தப் பக்கம் மேலே எந்தப் பக்கம் கீழேன்னு தெரியலேன்னா ஒரு சொட்டு ரத்தம் விட்டு அலசணும். சிவப்பு ஒட்டிக்கிட்டா அதான் உள் பக்கம்.

கத்தியும்நூலும் | ஜனவரி 11, காலை 8:10

கடைசி வரி ஸ்ட்ராட்டிஸுக்குப் பொருந்தாது சிஸ்டர். அந்த ரத்தச் சோதனை மனிதத்தோல் ஒட்டுக்கு, அல்லோடெர்முக்கு. அதுல ஒரு பக்கம் அடித்தள சவ்வு, ரத்தம் வழிஞ்சு ஓடிடும். மறு பக்கம் உறிஞ்சி வச்சுக்கும். ஸ்ட்ராட்டிஸுக்கு மேல் கீழ் இல்ல, எப்படி வச்சாலும் சரி.

ஸ்க்ரப்அக்கா | ஜனவரி 11, காலை 8:14

ஆமா, அல்லோடெர்ம். ரெண்டையும் ஒரே அலமாரியில அடுக்கினா வர்ற வினை.

பால்மரம் | ஜனவரி 11, பிற்பகல் 3:00

பன்றி பன்றின்னு ஓடுது இழை. இந்த ஊர்ல ஆஸ்பத்திரி வார்டுல பாதிக் கட்டில் மலாய்க்காரங்க. அவங்ககிட்ட இதைச் சொல்லிட்டுத்தான் வைப்பாங்களா? நம்ம ஆளுங்களுக்கு மாட்டுத்தோல் வச்சா?

கத்தியும்நூலும் | ஜனவரி 11, இரவு 9:45

சொல்லணும். கையெழுத்து வாங்கும்போது ‘உயிரியல் வலை’ன்னு பூசி மெழுகக் கூடாது. எந்த மிருகம், எந்தப் பாகம்னு அவங்க பேசுற மொழியில சொல்லணும்.

பன்றி: ஸ்ட்ராட்டிஸ், பெர்மகால், ஸென்மாட்ரிக்ஸ் மூணும் தோல். சர்ஜிஸிஸ் குடல். மாடு: சர்ஜிமென்ட் கருக்கன்றோட தோல், வெரிட்டாஸ் மாட்டோட இதய உறை. ஆடு: ஓவிடெக்ஸ், நியூசிலாந்து செம்மறியோட முன்வயிறு.

முஸ்லிமுக்குப் பன்றி, நம்ம ஆளுங்கள்ல பலருக்கு மாடு, குவான்யின் சாமி கும்பிடுற சீனருக்கும் மாடு. தோட்டத்துல ஒரே லயத்துல மூணு வீட்டுக்காரங்களும் இருப்பாங்க. இஸ்லாத்துல உயிருக்கு ஆபத்துன்னா விலக்கு உண்டுங்கற கொள்கை இருக்கு, ஆனா பிளாஸ்டிக் வலை தாராளமா கிடைக்கிற இடத்துல ஆபத்துன்னு சொல்லி அதுக்குள்ள ஒளிய முடியாது. முடிவு பேஷன்ட்டோடது. அவருக்கு உஸ்தாத்கிட்ட கேட்கணும்னா ரெண்டு நாள் கொடுங்க. திட்டமிட்ட ஆபரேஷன், தீப்பிடிச்ச வீடு இல்ல.

பால்மரம் | ஜனவரி 11, இரவு 10:02

செம்மறி முன்வயிறா? அது நம்ம போட்டி. சனிக்கிழமை சுண்ணாம்பு போட்டுக் கழுவி பிரட்டல் வைக்கிறது. துவாலை மாதிரி சொரசொரன்னு இருக்குமே, அதுவா?

திசுக்கூடம் | ஜனவரி 11, இரவு 10:30

அதேதான். சொரசொரப்பை உரித்துவிட்டு அடியிலிருக்கும் அடுக்கை எடுத்து, செல் நீக்கி, பல அடுக்காக வைத்து, பாலிப்ரோப்பிலீன் அல்லது கரையும் நூலால் தைக்கிறார்கள். நூலை ஏன் தைக்கிறார்கள்? தொங்கும் என்பதால். விலங்குப் பின்னல் மட்டும் போதாது என்று செய்கிறவர்களே ஒப்புக்கொண்ட மாதிரி.

தைக்கிற கேட்கட் நூலும் பூனைக்குடல் இல்லை, ஆட்டுக்குடலோ மாட்டுக்குடலோ. ரத்தம் உறையாமல் போடும் ஹெப்பரின் பன்றிக்குடலிலிருந்து வருகிறது. இதையும் கேட்டால் சொல்ல வேண்டும்.

லயம்7 | ஜனவரி 12, காலை 6:40

போட்டி பிரட்டலை இனி எப்படிச் சாப்பிடுறது. சரி, பிளாஸ்டிக்னே வச்சுக்குவோம். ஈப்போவுல டாக்டர்கிட்ட என்னென்ன கேட்கணும்? வலை நல்லதா இருந்தா போதுமா?

கத்தியும்நூலும் | ஜனவரி 12, இரவு 11:20

வலை இதுல பாதிகூட இல்ல. இழை ஆரம்பிச்சதிலேருந்து இதைத்தான் சொல்ல வர்றேன், மிருகம் குறுக்க வந்துடுச்சு.

எங்க வைக்கிறாங்க: ரெக்டஸ் தசைக்கு (நடுவயித்துக்கு ரெண்டு பக்கமும் மேலிருந்து கீழா ஓடுறது) பின்னால, அதோட பின்னுறைக்கு முன்னால. அங்க ரத்த ஓட்டம் நல்லா இருக்கும், உள்ளே இருக்கிற குடல்லயும் படாது, வெளிய தோல் புண்ணிலேயும் படாது. 2022 ஆய்வுல பிளாஸ்டிக் நல்லா நின்னதுக்கு இடமும் ஒரு காரணம். அதே வலையைத் தோலுக்கடியில வச்சு அழுக்கு வயித்துல பரிசோதிக்காதீங்க.

மூடுறாங்களா: நடுவுல இருக்கிற இடைவெளியைத் தச்சு மூடி, அதுக்குப் பின்னால வலை வலு கொடுக்கணும். மூட முடியாம ஒட்டையே பாலம் மாதிரி கட்டினா, அதுவும் மிருகத்தோலா இருந்தா, கொஞ்ச நாள்ல அது குடத்து வாயில கட்டின துணி. தொங்கும்.

11 செ.மீ. மூடுமா: சிடியில ரெண்டு ரெக்டஸ் தசையோட அகலத்தையும் கூட்டணும். அது இடைவெளியைப்போல ரெண்டு மடங்குக்கு மேல இருந்தா பெரும்பாலும் மேலே சொன்ன மாதிரி தசைக்குப் பின்னால வலை வைக்கிற சாதாரண ரீவ்ஸ்-ஸ்டாப்பா முறையிலேயே மூடிடலாம். இவருக்கு ஒரு பக்கத் தசை 7, இன்னொண்ணு 7-ன்னா கூட்டினா 14, அது 22-க்குப் பக்கத்துலகூட வராது. அப்ப குறுக்குத் தசையை விடுவிக்கிற டிஏஆர் முறை. 2012-ல எழுதி வச்சது. கைப்பழக்கம் வேணும். வருஷத்துக்கு எத்தனை பண்றீங்கன்னு கூச்சப்படாம கேளுங்க. சில இடங்கள்ல ஆபரேஷனுக்கு நாலு வாரம் முன்ன பக்கவாட்டுத் தசையில 200–300 யூனிட் போட்டாக்ஸ் போட்டு இளக வைக்கிறாங்க. முகச்சுருக்கத்துக்குப் போடுற அதே மருந்துதான், சிரிக்காதீங்க.

ஓரம்: இடைவெளிக்கு எல்லாப் பக்கமும் வலை 5 செ.மீ.யாவது தாண்டணும்.

நூல்: மெதுவா கரையுற நூல், சின்னச் சின்னத் தையல். விளிம்பிலேருந்து 5 மி.மீ., தையலுக்குத் தையல் 5 மி.மீ. வெட்டு 20 செ.மீ.ன்னா செலவான நூல் 80 செ.மீ.க்குக் குறையக் கூடாது, நாலுக்கு ஒண்ணு. முதல் ஆபரேஷன்ல அப்படி மூடியிருந்தா பாதிப்பேர் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டாங்க. 2015-ல வந்த ஆய்வுல ஒரு வருஷத்துல தழும்பு ஹெர்னியா பெரிய தையல்ல 21%, சின்னத் தையல்ல 13%.

கத்தியும்நூலும் | ஜனவரி 12, இரவு 11:50

பாதிப்பேர்னு எழுதினது கோபத்துல. 21-லேருந்து 13-னா அஞ்சுல ரெண்டு பேர்னு சொல்லலாம். அதுவும் திட்டமிட்ட ஆபரேஷன்ல வந்த கணக்கு. ராத்திரி ரெண்டு மணிக்குக் குடல் ஓட்டையோட வந்தவருக்கு அப்படியே பொருந்தாது.

ஸ்க்ரப்அக்கா | ஜனவரி 13, பிற்பகல் 2:30

ஆள் தயாராகணும், அதையும் எழுதுங்க டாக்டர்.

சிகரெட் நாலு வாரமாவது முன்னாடி நிறுத்தணும். நாலு வாரம்னா நாலு வாரம், வார்டுக்கு வர்ற அன்னிக்கு வெளிய நின்னு கடைசியா ஒண்ணு கிடையாது. சர்க்கரை: எச்பிஏ1சி (மூணு மாசச் சராசரிச் சர்க்கரையைக் காட்டுற ரத்தச் சோதனை) 8-க்கு மேல இருந்தா நிறைய டாக்டருங்க தள்ளிப்போடச் சொல்வாங்க. கிளினிக் கெசிஹாத்தான்ல (அரசு சுகாதார கிளினிக்) மூணு மாசம் மருந்து ஒழுங்கா எடுத்தா இறங்கும், தே தாரேக்கும் (இனிப்பான பால் டீ) கொஞ்சம் இறங்கணும். எடை கூடினவர் குறைக்கணும். இருமல் இருந்தா முதல்ல இருமலைப் பாருங்க, 100-ஐத் தாண்டும்னு மேலே டாக்டர் சொன்னாரே.

மலச்சிக்கலும் அப்படித்தான். முக்கக் கூடாது.

கத்தியும்நூலும் | ஜனவரி 13, இரவு 9:00

ஆபரேஷனுக்கு அப்புறம் நீர்க்கட்டு. தோலையும் தசையையும் பிரிச்ச வெற்றிடத்துல மஞ்சள் நீர் சேரும். மிருகத்தோல் வச்சா இன்னும் ஜாஸ்தி.

பால்மரம் அண்ணே ரப்பர் பேசினார், நானும் பேசிடுறேன். ஒட்டுக்கன்று கட்டும்போது மொட்டுத் துண்டு பட்டைக்குள்ள ஒட்டி உட்காரணும். நடுவுல தண்ணி புகுந்தா மூணு வாரம் கழிச்சுச் சுத்தின நாடாவை அவிழ்க்கும்போது துண்டு பழுப்பா உதிரும். இதுவும் அதேதான். தசையைத் தொடாத ஒட்டுக்கு ரத்தக்குழாய் எங்கேயிருந்து வரும்? அதான் வடிகுழாய் வைக்கிறது. 24 மணி நேரத்துல 30 மில்லிக்குக் கீழ, தொடர்ந்து ரெண்டு நாள். அப்பத்தான் எடுக்கணும். குழாய் தொந்தரவா இருக்குன்னு மூணாம் நாளே எடுத்துட்டு, ஒரு வாரம் கழிச்சு ஊசி போட்டு உறிஞ்சறது ரெட்டை வேலை, கிருமிக்கும் கதவு.

பால்மரம் | ஜனவரி 13, இரவு 9:20

ஒட்டுக்கட்டினவனுக்குப் புரியுது. கட்டும்போது வேர்வை சொட்டினாலே மண்டோர் (கங்காணி) திட்டுவாரு.

லயம்7 | ஜனவரி 16, இரவு 8:15

ஒருத்தருக்கு ஏற்கனவே மிருகத்தோல் வச்சு, இப்ப புண் வாய் விட்டிருக்கு. உள்ள மஞ்சளும் சாம்பலுமா வழவழன்னு தெரியுதாம். வீட்ல பயந்து, அழுகிடுச்சு பிடுங்குங்கன்னு நிக்கறாங்க.

கத்தியும்நூலும் | ஜனவரி 16, இரவு 8:40

பிடுங்க வேண்டியதில்ல. நேரா ஆபரேஷன் பண்ண இடத்துக்குக் கூட்டிட்டுப் போகணும், அதுவும் நாளைக்கே. காய்ச்சல், வயிறு உப்பி வாந்தி, புண்ணுல குடல்நீர் மாதிரி பச்சையா வருது, இதுல ஒண்ணு இருந்தாலும் இன்னிக்கு ராத்திரியே அவசரப் பிரிவு.

அது எதுவும் இல்லேன்னா, மிருகத்தோல் வெளிய தெரிஞ்சாலும் சுத்தம் பண்ணி, உறிஞ்சு பம்ப் கட்டு போட்டு, ஈரம் காயாம வச்சா அது மேலேயே செந்நிறத் திசு ஏறி மூடும். இந்த ஒரு இடத்துலதான் அது காசுக்கு வேலை காட்டுது. காய்ஞ்சா பழைய செருப்புத் தோல், அப்புறம் ஒண்ணும் ஏறாது. கிருமி சுரக்கிற கொலாஜனேஸ் பாலம் போடாத ஒட்டைக் கரைக்கவும் செய்யும். கட்டு மாத்தும்போது துண்டு துண்டா நூலா வந்தா அதான் நடக்குது. வர்ற துண்டை டாக்டர் வெட்டி எடுப்பார், வீட்ல இழுக்காதீங்க.

கத்தியும்நூலும் | ஜனவரி 18, காலை 6:30

முதல் நாள் ‘மூணாவது தப்பு’ன்னு ஒரே வெட்டா எழுதினேன். அதை இழுத்துப் பிடிக்கணும்.

2022 ஆய்வுல இருந்தது குடலைக் கட்டுப்பாட்டோட திறந்த வயிறும், அதைவிடக் கொஞ்சம் கூடுதலா அழுக்குப்பட்ட வயிறும்தான். சீழ் ஓடிக்கிட்டிருக்கிற, நாலாம் வகுப்பு அழுக்கு வயித்தை அதுல சேர்க்கல. அதனால அந்த 5.6%-ஐ எடுத்துட்டுப் போய் சீழ் வயித்துல பிளாஸ்டிக் போடச் சொல்லி யாரும் வாதாடக் கூடாது. அந்த மாதிரி வயித்துல பல சமயம் இன்னிக்கு ஹெர்னியாவைத் தொடாம, சீழை வடிச்சு, தோலையோ சுவரையோ முடிஞ்ச அளவு மூடி, ஆறு மாசத்திலேருந்து ஒரு வருஷம் கழிச்சு சுத்தமான வயித்துல ஒழுங்கா கட்டுறதுதான் வழி. அப்ப மிருகத்தோலுக்கும் அவசியம் இருக்காது.

நடுவுல இன்னொரு ஜாதி இருக்கு: பிளாஸ்டிக் மாதிரி நெய்தது, ஆனா மெதுவா கரையும். ஃபேஸிக்ஸ் 12–18 மாசம், பயோ-ஏ ஆறு மாசம். மிருகம் இல்ல, அதனால பன்றி மாட்டுப் பேச்சு இல்ல. கரைஞ்ச பிறகு சுவர் தன் காலுல நிக்கணும், தொங்குற கேள்வி அங்கேயும் இருக்கு.

லயம்7 | ஜனவரி 18, இரவு 9:10

கேட்டாச்சு. தசைக்குப் பின்னால, சாதாரண வலை, டிஏஆர். எச்பிஏ1சி 9.1, அதனால மூணு மாசம் தள்ளி. அரசு ஆஸ்பத்திரியிலயும் சில சாமான் வெளிய வாங்கச் சொல்வாங்கன்னு கேள்விப்பட்டதால, வலை வாங்கணுமான்னு முதல்லயே கேட்டு எழுதி வாங்கிட்டாங்க. எப்ப குலை வெட்டப் போகலாம்?

கத்தியும்நூலும் | ஜனவரி 18, இரவு 9:35

ஆறு எட்டு வாரத்துக்கு முன்னாடி பளு தூக்கப் பேச்சே இல்ல. டிஏஆர் பண்ணினவருக்கு நான் மூணு மாசம்னு சொல்வேன், அதுக்கப்புறமும் முதல்ல உதிரிப் பழம் பொறுக்கட்டும், நீளக்கழி பிடிக்கிறது கடைசி. கழியை அண்ணாந்து இழுக்கிறப்ப வயிறு முழுசா இறுகும்.

ஸ்க்ரப்அக்கா | ஜனவரி 19, காலை 7:05

ஒண்ணு விட்டுப்போச்சு. எந்த வலை வச்சாலும் பெட்டியில ஸ்டிக்கர் நாலஞ்சு இருக்கும், பேரு, அளவு, லாட் நம்பரோட. ஒண்ணு ஃபைல்ல ஒட்டுவோம், இன்னொண்ணைக் கேட்டு வாங்கி அடையாள அட்டை வைக்கிற பர்ஸ்லயே வச்சுக்கச் சொல்லுங்க. இங்க விக்கிற மருத்துவச் சாதனம் எல்லாம் 2012 மருத்துவச் சாதனச் சட்டப்படி பதிவாகியிருக்கணும், அந்தப் பேரை வச்சு பதிவேட்டுல தேடலாம். அஞ்சு வருஷம் கழிச்சு வேற ஊர்ல வேற டாக்டர் வயித்தைத் திறக்கும்போது உள்ள இருக்கிறது பன்றியா, போட்டியா, பிளாஸ்டிக்கான்னு அந்த ஸ்டிக்கர்தான் சொல்லும். வெயில்ல மை அழியும், மேல டேப் ஒட்டிடுங்க.